மூலைக்குப் போகாத ஆட்டக்காரர்

சுந்தர்ராஜ் ஓர் ஆட்டத்துக்கு அடிமையாகிவிட்டார் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆம்பூரில் ஒருத்தரும் நம்பியிருக்கமாட்டார்கள். சீட்டைத் தொடாதவர், கேரம்போர்டு பக்கம் போகாதவர். சர்ச்சில் கிறிஸ்மஸ் விழாவுக்கு மியூசிக்கல் சேர் வைத்தால், ஆடுவதற்குப் பதிலாக நாற்காலி தூக்கிப் போடுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர். அப்படிப்பட்ட மனுஷன் நாற்பத்தி நாலு வயதில், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பஜார் தெரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைய ஆரம்பித்தார். நுழைந்தவர் ஏன் நுழைந்தார், ஏன் ஒரு நாள் பாதியில் எழுந்து வந்தார் என்பதுதான் இந்தக் கதை.

எல்லாம் மகள் கெசியாவின் ப்ளஸ் டூ ரிசல்ட்டால் வந்தது. 2004 மே மாதம். அஹமது பாஷா நடத்திய அந்த சென்டரில் எட்டு கம்ப்யூட்டர், எட்டுக்கும் பிளைவுட் தடுப்பு, நடுவில் ஒரே ஒரு ஃபேன். ரிசல்ட் அன்றைக்கு ஊரே அங்கேதான் நின்றது. கெசியாவின் நம்பரை அடித்துவிட்டு உட்கார்ந்தால், பக்கம் வெள்ளையாகவே இருந்தது. பத்து நிமிஷம் ஆனது, இருபது நிமிஷம் ஆனது. கெசியா நகத்தைக் கடித்தாள். முறைத்தால் பயந்துகொண்டு வந்துவிடும் என்பதுபோல சுந்தர்ராஜ் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அது வர்றப்ப வரும்ணா," என்றான் பாஷா. "என் சிஸ்டம் சும்மாதான் இருக்குது. இப்டி வந்து ஒரு கேம் போடுங்க, டென்ஷன் கம்மியாவும்."

கேம் என்றதும் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனாலும் கல்லாப்பெட்டி பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார். திரையில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட பச்சைப் பலகை. கறுப்பு வில்லை ஒருத்தருக்கு, வெள்ளை வில்லை இன்னொருத்தருக்கு. எதிராளியின் வில்லையை நம்முடைய இரண்டு வில்லைக்கு நடுவில் மாட்டவைத்தால் அது நம் நிறத்துக்கு மாறிவிடும். பலகை நிறைந்ததும் யார் நிறம் ஜாஸ்தியோ அவருக்கு ஜெயம். ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடுகிற ஆட்டம், நாலைந்து நிமிஷத்தில் முடிந்தும்விடும்.

"எதிர்ல ஆடறது யாரு, மிஷினா?" என்று கேட்டார்.

"மனுஷன்தாண்ணா. எங்கியோ ஒருத்தன். அவனும் இப்டி ஒரு ஊர்ல ஸ்டூல் போட்டு உக்காந்துனு இருப்பான்."

அந்த 'எங்கியோ ஒருத்தன்' சுந்தர்ராஜைப் பிடித்துக்கொண்டான். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான், அங்கே இப்போது வெயிலா மழையா, இவனும் மகளின் ரிசல்ட்டுக்குத்தான் காத்திருக்கிறானா? எதுவும் தெரியாது. ஆனால் இவர் ஒரு வில்லை வைத்தால், இரண்டு விநாடி யோசித்துவிட்டு அவன் ஒரு வில்லை வைக்கிறான். அந்த இரண்டு விநாடியில் அவன் யோசிக்கிறான் என்பது இவருக்குத் தெரிகிறது. முகம் தெரியாத ஒருத்தன் நம்மைப் பற்றி இரண்டு விநாடி யோசிக்கிறான் என்பது எவ்வளவு பெரிய அதிசயம். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்பா, நான் பாஸ்," என்று கெசியா கத்தினாள்.

"இரும்மா, ஒரு நிமிஷம்," என்றார் சுந்தர்ராஜ்.

அந்த ஒரு நிமிஷத்தை அந்த வீட்டில் இன்றைக்கும் யாரும் மன்னிக்கவில்லை. கெசியா நர்ஸாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அப்பா எதற்காவது அவசரப்பட்டால் "இருப்பா, ஒரு நிமிஷம்" என்பாள். இத்தனைக்கும் அன்றைக்கு அவர் அறுபதுக்கு நாலு என்ற கணக்கில் உதை வாங்கியிருந்தார்.

உதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. சுந்தர்ராஜ் தோல் வெட்டுகிறவர். இருபது வருஷமாக ஒரே கம்பெனியில் கட்டிங் டேபிள், கடைசி மூன்று வருஷம் அந்த செக்‌ஷனுக்கே சூப்பர்வைசர். ஒரு முழுத் தோலை விரித்துப்போட்டால் அவர் கண் தானாக நடுவுக்குப் போகும். நடுவில் ஓடுகிற முதுகுப் பக்கம்தான் இறுக்கமான தோல், ஷூவின் முன்பக்கத்துத் துண்டை அதில்தான் வெட்டவேண்டும். ஓரம் போகப்போக வயிற்றுப் பக்கம், கம்பெனியில் பெல்லி என்பார்கள். தொளதொளவென்று இழுத்த இழுப்புக்கு வரும், ஷூவின் நாக்குக்கும் உள்பட்டைக்கும்தான் ஆகும். நாலு மூலையில் மாட்டின் கால்பக்கம், அது இன்னும் மோசம். பச்சைப் பலகையை அவர் பார்த்ததும் அதே கண்ணால்தான். நடுவை விட்டு வெளியே போக அவருக்கு மனசே வரவில்லை. மூலையைத் தொடுவது என்றால் அருவருப்பாகவே இருந்தது.

அந்த ஆட்டத்தில் மூலைதான் எல்லாம். மூலையில் வைத்த வில்லையை எவனாலும் மாற்றமுடியாது. மூலையைப் பிடித்தவன் ஓரத்தைப் பிடிப்பான், ஓரத்தைப் பிடித்தவன் கடைசி நேரத்தில் நடுவை அள்ளிக்கொண்டு போவான். பாஷா இதைப் பத்து தடவை சொன்னான்.

"மூலைல வெய்ங்கணா. கேட்டைத் தொறந்துவிட்டுட்டு நடுவூட்ல காவல் காக்கறீங்களே."

"தெரியுதுப்பா. கை போவ மாட்டுது."

கை போகாமலே அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒரு மணி நேரத்தில் எட்டு ஆட்டம் ஆடி ஏழில் தோற்றார். தோற்பதற்கென்றே ஒரு மனுஷன் வருவானா என்று பாஷாவுக்கே குழப்பமாக இருந்தது. மனைவி ஆக்னஸ் மிஷன் ஸ்கூல் டீச்சர், எதையும் காரணம் கேட்காமல் விடமாட்டார்.

"அப்டி இன்னாங்க இருக்குது அதுல? டிவில கூடத்தான் கேம் காட்றான்."

"சொல்லத் தெரில ஆக்னஸ். சீக்கிரம் முடிஞ்சிடுது."

"சீக்கிரம் முடியறதுக்கா ஒரு மணி நேரம் ஒக்காந்துனு இருக்கீங்க?"

அவரால் சொல்லமுடியாததை நான் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் அவர் சூப்பர்வைசர், சர்ச்சில் கமிட்டி மெம்பர், தெருவில் டீச்சர் வீட்டுக்காரர். காலையிலிருந்து சாயந்திரம் வரை யாரோ ஒருத்தருக்கு யாரோ ஒருத்தராக இருந்தாகவேண்டும். இங்கே திரை அவருக்கு 'விருந்தாளி' என்றும் ஏதோ ஒரு நம்பரும் மட்டும்தான் கொடுத்தது. எதிரே இருப்பவனுக்கு இவர் சாதி தெரியாது, சம்பளம் தெரியாது, தெலுங்குக்காரனா தமிழ்க்காரனா என்பதும் தெரியாது. வா என்று கூப்பிட ஆள் தேவையில்லை, போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை. தோற்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஆட்டம் முடிந்ததும் பலகை துடைத்துப்போட்ட மாதிரி காலியாகிவிடும். போன ஆட்டத்தில் என்ன தப்பு செய்தாலும் அடுத்த ஆட்டத்துக்கு அது வராது. புத்தம்புது பலகை, நடுவில் நாலே நாலு வில்லை.

இந்தக் கடைசி விஷயம் அவருக்கு ஏன் அப்படி இனித்தது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சாயந்திரம் எதிரே புதிதாக ஒரு பெயர் வந்தது. பெரும்பாலும் விருந்தாளிகளும் நம்பர்களும்தான் வருவார்கள். இது பெயர் பதிவுசெய்துகொண்ட ஆள், 'க்யூரோ58' என்று இருந்தது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து வில்லை விழுந்திருக்கும், சுந்தர்ராஜ் ஸ்டூலிலேயே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஆள் மூலைக்குப் போகவில்லை.

தெரியாதவன் போகாமல் இருப்பது வேறு. தெரியாதவன் கண்ட இடத்தில் வைப்பான். இந்த ஆள் நடுவிலிருந்து வரிசையாக வெளியே வந்தார், ஓரத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றார். அதோடு விடவில்லை. இடதுபக்கம் ஒரு வில்லை வைத்தால், அடுத்த தடவை வலதுபக்கம் அதற்கு நேர்சோடியான கட்டத்தில் வைத்தார், இடம் கிடைத்தால் தவறாமல் வைத்தார். சுந்தர்ராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இடதுகால் ஷூவுக்கு முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு வெட்டினால், வலதுகாலுக்கு அந்தப் பக்கம் அதே உயரத்தில் வெட்டவேண்டும், அப்போதுதான் சோடியின் நிறமும் சுருக்கமும் ஒத்துப்போகும். இது எந்த ஆட்டத்தின் புத்தகத்திலும் கிடையாது. கட்டிங் டேபிளில் நின்றவனுக்கு மட்டும்தான் இந்த வியாதி வரும்.

கடைசியில் பலகையில் ஓரங்களும் மூலைகளும் மட்டும் மிச்சம். இரண்டு பேருக்கும் அங்கே வைக்க இஷ்டமில்லை, திரையில் இரண்டு பேருக்கும் நேரம் காட்டுகிற கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. யார் முதலில் பெல்லியில் கை வைப்பது என்று இரண்டு நல்ல வெட்டுக்காரர்கள் நிற்கிற நிலைமை அது. சுந்தர்ராஜ் தனியாகச் சிரித்தார். பக்கத்துத் தடுப்பிலிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

யார் இவன்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை. சாப்பிடும்போதும் அதே. கான்பூரில் தோல் வெட்டுகிறவனாக இருக்கலாம், கல்கத்தாவாக இருக்கலாம், வெளிநாடாகவும் இருக்கலாம். கை கழுவும்போதுதான் அந்த 58 மண்டையில் இடித்தது. ரஷீத் அஹமது பிறந்தது 58-ல்.

இனி ரஷீதைப் பற்றிச் சொல்லாமல் நகரமுடியாது. பதினாலு வருஷம் சுந்தர்ராஜும் ரஷீதும் பக்கத்துப் பக்கத்து டேபிள். ரஷீத் இரண்டு வயது மூத்தவர், அதனால் 'ரஷீத் பாய்'. ஆனால் வா, போ என்றுதான் பேச்சு. ரம்ஜானுக்கு அங்கேயிருந்து பிரியாணி வரும், கிறிஸ்மஸுக்கு இங்கேயிருந்து கேக் போகும். இதற்கும் மேலே அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை ரஷீத் தொழுகைக்குப் போனால் திரும்பிவர சாப்பாட்டு நேரத்துக்கு மேலே அரைமணி ஆகும். அந்த அரைமணிக்கு சுந்தர்ராஜ் அவர் டேபிளில் நின்று அவர் தோலை, அவர் டிக்கெட்டில் வெட்டுவார். வெட்டிய துண்டுகளைக் கட்டுகட்டாகக் கட்டி, வெட்டியவரின் நம்பர் போட்ட டிக்கெட்டை அதில் வைப்பார்கள். பதிலுக்கு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன், கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் போன்ற நாட்களில் ரஷீத் இவர் டேபிளைப் பார்த்துக்கொள்வார். கம்பெனிக்குத் தெரியும், கண்டுகொள்ளாது. அந்த ஊர்க் கட்டிங் செக்‌ஷனில் பல சோடிகளுக்கு இந்த ஏற்பாடு உண்டு.

2001-ல் ஒரு வெள்ளிக்கிழமை, ஏற்றுமதி சரக்கு போகவேண்டிய அவசரம். ரஷீதின் டேபிளில் சுந்தர்ராஜ் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம் தீர்ந்துவிட்டது, இன்னும் பதினோரு சோடி முன்பக்கத் துண்டு பாக்கி. ஸ்டோருக்குப் போய் இன்னொரு தோல் எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆகும். தன் டேபிளிலும் வேலை குவிந்திருந்தது. பெல்லியைப் பார்த்தார். பாலிஷ் நன்றாக ஏறியிருந்தது, இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். தெரியும் என்பதால்தான் அழுத்தவில்லை. பதினோரு சோடியையும் பெல்லியில் வெட்டி, ரஷீதின் டிக்கெட்டைப் போட்டுக் கட்டினார்.

பத்து நாளில் அந்த ஷூக்கள் முன்பக்கம் சுருங்கி வெடித்துப்போய், சரக்கு ஏற்றுவதற்கு முந்தைய சோதனையிலேயே திரும்பி வந்தன. மேனேஜர் டிக்கெட்டைப் பார்த்து ரஷீதைக் கூப்பிட்டார். ரஷீத் அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு சுந்தர்ராஜிடம் வந்தார்.

"சுந்தரு, வெள்ளிக்கெழம நீ எங்க வெட்னே?"

"நான் வெட்னது ரெண்டே தோல்தான் பாய். ரெண்டும் முதுகுலதான்," என்றார் சுந்தர்ராஜ்.

சூப்பர்வைசர் வேலைக்கு அந்த மாதம் பெயர் கேட்டிருந்தார்கள். கெசியாவைப் பின்னால் நர்சிங்கில் சேர்க்கவேண்டும் என்று வீட்டில் பேச்சு. இதெல்லாம் காரணமா, வெறும் பயமா என்று அவருக்கே தெரியாது. ரஷீத் மறுபேச்சுப் பேசவில்லை. "என் டிக்கெட்டுதான் சார்," என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். அவரைப் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போட்டார்கள், இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு மாமனார் ஊரான வாலாஜாபேட்டைக்குக் குடிபோனார். சுந்தர்ராஜ் சூப்பர்வைசர் ஆனார். ரஷீத் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார், நல்லாத்தான் இருப்பார் என்று சொல்லிக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினார். நல்லா இருக்கிறாரா என்று போய்ப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இப்போது தெரிகிறதா, காலியாகிற பலகை அவருக்கு ஏன் இனித்தது என்று.

அடுத்த மூன்று வாரம் சுந்தர்ராஜ் ஒரு துப்பறிகிறவர் ஆனார். க்யூரோ58 தினமும் சாயந்திரம் ஆறரைக்கு வருகிறார், ஏழரைக்குப் போய்விடுகிறார். அந்தியில் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, இரவு இஷாத் தொழுகைக்கு எழுந்து போகிற கணக்குக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தாரே என்று ஒரு சந்தேகம். சாயந்திரம்தானே, வரலாம் என்று அதற்கு ஒரு சமாதானம். வாலாஜாவிலிருந்து கம்பெனிக்கு வரும் லாரி டிரைவர் பச்சையப்பனைப் பிடித்து, ரஷீத் இருக்கிற தெருப்பக்கம் பிரவுசிங் சென்டர் இருக்கிறதா என்று கேட்டார்.

"இப்ப எந்தத் தெருலதான் இல்ல?" என்றார் பச்சையப்பன்.

நம்ப ஆசைப்படுகிறவருக்கு இது போதாதா. அன்றிலிருந்து எதிரே ஆடுவது ரஷீத் என்றே வைத்துக்கொண்டு ஆடினார். ஒரு வில்லை தாமதமாக விழுந்தால், பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசிக்கிறார் என்று நினைத்தார். தோற்றபோது சந்தோஷமாக இருந்தது. ஜெயித்தபோது நெஞ்சு குறுகுறுத்தது. பலகை மட்டும் ஒவ்வொரு தடவையும் காலியாகிக்கொண்டே இருந்தது, முன்னைப்போல அது அவருக்கு இனிக்கவில்லை. இந்த ஆளோடு ஆடும்போது காலிப் பலகை ஒரு பொய்யாகத் தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், பலகைக்குக் கீழே இருந்த பேசும் பெட்டியில் முதல் தடவையாகக் கை வைத்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தார். ரஷீத் பாய், அந்தப் பதினோரு சோடி நான் வெட்டினது. பெல்லின்னு தெரிஞ்சேதான் வெட்டினேன். நீ கேட்டப்போ பொய் சொன்னேன். இவ்வளவும் அடித்து முடிப்பதற்குள் அவருடைய கடிகாரம் தீர்ந்து, நேரம் போதாமல் தோற்றுவிட்டதாகத் திரை சொன்னது. பேசும் பெட்டி மட்டும் திறந்தே இருந்தது. அனுப்பினார்.

பதிலுக்கு ஒரு கேள்விக்குறி வந்தது. கொஞ்சம் கழித்து, புரியவில்லை என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை வந்தது. அந்த இங்கிலீஷ் சுந்தர்ராஜின் இங்கிலீஷைவிட மோசமாக இருந்தது. அதனாலேயே இரண்டு பேருக்கும் பேச்சு நன்றாகப் போனது.

நீ எந்த ஊர் என்று இவர் கேட்டார். ஸ்பெயின், எல்டா, ஷூ ஊர் என்று வந்தது. தோல் வெட்டுகிறவனா என்று கேட்டார். ஆமாம், முப்பது வருஷம், இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம், உனக்கு எப்படித் தெரியும் என்று வந்தது. நீ மூலைக்குப் போகமாட்டாய், அதனால் தெரியும் என்று அடித்தார் சுந்தர்ராஜ். அந்தப் பக்கத்திலிருந்து ஹஹஹ என்று ஒரு வரி நீளத்துக்கு வந்தது. நீயும் போகமாட்டாய், உனக்கு மூளையில்லை என்று நினைத்தேன் என்று வந்தது. க்யூரோ என்ற பெயருக்கு அவர்கள் பாஷையில் தோல் என்று அர்த்தமாம். 58 என்பது வீட்டு நம்பராம்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், அங்கேயும் ஒருத்தன் பெல்லியைக் கண்டால் கையை இழுத்துக்கொள்கிறான். இந்தச் செய்தியை யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் என்று சுந்தர்ராஜுக்குப் பரபரத்தது. யாரிடம் சொன்னால் இது முழுசாகப் புரியும் என்று யோசித்தார். உலகத்திலேயே ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

முதலில் நீளமாக எழுதினாயே, அது என்ன என்று எல்டாக்காரர் கேட்டார். என் தப்பு, என் நண்பனுக்கு வேலை போனது என்று தெரிந்த இங்கிலீஷில் அடித்தார் சுந்தர்ராஜ்.

மன்னிக்கவும், நான் அவர் இல்லை, இன்னொரு ஆட்டம் போடலாமா என்று வந்தது.

திரையில் சம்மதமா என்று கேட்கிற பட்டன் மினுக்கியது. சுந்தர்ராஜ் எழுந்துவிட்டார்.

"இன்னாணா, இன்னும் நேரம் இருக்குதே," என்றான் பாஷா.

"இருக்கட்டும்பா."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும், வெள்ளைச் சட்டையோடு வேலூர் பஸ்ஸில் ஏறப்போகிறேன் என்றார் ஆக்னஸிடம். வேலூரில் எங்கே என்று கேட்டார் ஆக்னஸ். வேலூர் இல்லை, வாலாஜா என்றார்.

"மூணு வருசமா பாயப் பாத்துட்டு வாங்கன்னு சொல்றேன். இன்னிக்காவது போறீங்களே," என்றார் ஆக்னஸ்.

ரஷீதின் வீட்டு முன்னறையே கடையாக இருந்தது. மொத்தமாக வாங்கிவந்த ரப்பர் செருப்புகளும் ரெடிமேட் சாண்டல்களும் கயிற்றில் தொங்கின. தோல் வெட்டுகிற பலகையோ கத்தியோ எங்கேயும் இல்லை. ரஷீதின் மனைவி ஹலீமா பீ அவரைப் பார்த்ததும் வாய்நிறையச் சிரித்தார்.

"வாங்க அண்ணா. எவ்ளோ வருசமாச்சு. டீச்சரம்மா வரலியா?" என்று கேட்டுவிட்டு டீ போட உள்ளே போனார்.

ரஷீத் கண்ணாடி போட்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. "வா சுந்தரு," என்று ஸ்டூலைத் தள்ளினார், நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி. சுந்தர்ராஜ் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரிக்கவேண்டியிருக்கும், நலம் விசாரித்தால் டீ வந்துவிடும், டீ வந்தால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு தடவை சொல்லிப் பழகிய வார்த்தைகள் வரிசையாக வந்தன.

"பாய், அந்தப் பதினோரு ஜோடி நான் வெட்னது. பெல்லின்னு தெரிஞ்சேதான் வெட்னேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

தெருவில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"பதினொண்ணுமா?" என்று கேட்டார் ரஷீத்.

"பதினொண்ணும்."

"நான் வெட்னது ஒண்ணுகூட இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல பாய்."

ரஷீத் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கண்ணு போச்சுன்னு நெனச்சேன் சுந்தரு," என்றார். "பெல்லி எது, முதுகு எதுன்னு தெரியாம வெட்டியிருக்கேன், இனி என் கண்ண நம்பக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதான் கத்தியத் தொடல. வேலூர்ல ரெண்டு தபா கண்ணு டெஸ்ட் பண்ணேன். படிக்கறதுக்குத்தான் கண்ணாடி, மத்தபடி கண்ணு நல்லா இருக்குன்னுதான் டாக்டர் சொன்னாரு. நான் டாக்டர நம்பல. உன்ன நம்பினேன்."

தான் திருடியது ஒரு வேலையை மட்டும்தான் என்று இத்தனை நாள் சுந்தர்ராஜ் நினைத்துக்கொண்டிருந்தார். தள்ளிவிட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, அழுவதை மறைக்காமல் அழுதார். ரஷீத் அவரைத் தேற்றவில்லை. தேற்றவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிட்றேன் பாய்."

"சொல்லு. அதுக்காக நான் அங்க திரும்ப வரமாட்டேன்."

ரஷீத் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஹலீமா, பரண் மேல கத்தி இருக்குது பாரு. கூடவே சுருட்டி வெச்ச தோலும் இருக்கும், எடுத்துனு வா."

ஹலீமா பீ கொண்டுவந்து கொடுத்தார். துணி சுற்றிய கத்தி, நுனியில் கொஞ்சம் துரு. பழைய தோல் ஒன்று, சுருட்டி வைத்தே மடிப்பு விழுந்திருந்தது. ரஷீத் அதைத் தரையில் விரித்தார். கண்ணாடியைப் போடவில்லை. கட்டைவிரலை அழுத்தி அழுத்தித் தோல் முழுக்க ஒரு சுற்று வந்தார், ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஓரிடத்தில் நிறுத்தி, கத்தியால் ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதைச் சுந்தர்ராஜிடம் நீட்டினார்.

"இது முதுகா, பெல்லியா?"

சுந்தர்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அழுத்திப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"முதுகு பாய்."

"எனக்கும் அப்டித்தான் தெரியுது," என்றார் ரஷீத். துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, முதுகெலும்புக்கு அந்தப் பக்கம் அதே உயரத்தில் கத்தியை வைத்தார்.